பெருந்தொற்று ஊரடங்கில் கடைக்குப் போக முடியாதவர்களுக்கு மளிகை சேர்ப்பது எப்படி: தெரு அளவிலான முழுமையான வழிகாட்டி

மதுரை மாநகராட்சியின் ஒரு வார்டிலோ சுற்றுவட்டாரத்தில் ஓர் ஊராட்சியிலோ, முழு ஊரடங்கின்போது முதியோர், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், தனிமைப்படுத்தப்பட்டோர் ஆகியோரின் வீடுகளுக்கு மளிகையும் காய்கறியும் கொண்டுபோய்ச் சேர்க்க முன்வரும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். நூறு வீடுகள், ஏழெட்டுத் தன்னார்வலர்கள் என்ற அளவை மனத்தில் வைத்திருக்கிறேன். 2020, 2021 கொரோனா ஊரடங்குகளில் இந்த வேலையில் இறங்கிய புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். வண்டியையும் சரக்கையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு கைப்பேசி எண்ணை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பிவிட்டு, அழைப்பு வந்த வரிசையில் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படிக் கொடுத்தால் பொருள் போய்ச் சேருவது விரைவாகப் போன் செய்யத் தெரிந்தவருக்குத்தான். நடக்க முடியாதவருக்கு அல்ல. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு கைப்பேசிகள் வேண்டும். ஒன்று பேசுவதற்கு மட்டும். அந்த எண்ணை யாரும் சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. மற்றொன்று வாட்ஸ்அப்பும் பணப் பரிமாற்றமும் உள்ள கைப்பேசி. ஒரு நீளமான கணக்கு நோட்டு, கார்பன் தாள் வைத்து எழுதும் பில் புத்தகம், தடித்த மார்க்கர், துணிப்பைகள், ஒரு தராசு, போதுமான முகக்கவசங்கள் ஆகியவற்றையும் முதலிலேயே வாங்கி வைக்கவும்.

சரக்குக்கு ஒரு மொத்தக் கடையும், அது அடைத்துவிட்டால் கைகொடுக்கத் தெருவிலேயே இரண்டு பலசரக்குக் கடைகளும் வேண்டும். கீழமாசி வீதியில் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் தொற்றுப் பகுதி என்று அந்த இடத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டால் அன்றைய வேலை முழுவதும் நின்றுவிடும். பரவை காய்கறிச் சந்தை 2020இல் தொற்றின் காரணமாக மூடப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒரே இடத்தை நம்ப மாட்டார்கள்.

கைமுதலும் வேண்டும். ஒரு வீட்டுக்கு 800 ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 36 வீடுகளுக்கு ஏறத்தாழ 29,000 ரூபாய் ஆகும். பணம் வாசலில்தான் திரும்பி வரும் என்பதால், ஒரு நாள் சரக்கையாவது பற்றில் தருமாறு கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

2. ஆணையைப் படித்து, எல்லையை வரைந்து, அனுமதி பெறுதல்

ஒவ்வோர் ஊரடங்குக்கும் விதி வேறு. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு இருந்தபோது காய்கறி நடமாடும் வண்டிகளில் மட்டுமே கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் 24இல் தொடங்கிய ஊரடங்கில் மளிகைக் கடைகள் பிற்பகல் 2 மணி வரை திறந்திருந்தன. 2021 மே 24 முதல் மளிகைக் கடைகள் முற்றிலும் மூடப்பட்டன. மே 31 முதல் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியோடு வண்டிகளில் மளிகை விற்கவும், தொலைபேசி வழியே ஆர்டர் பெற்றுக் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வீடுகளுக்குக் கொண்டு கொடுக்கவும் அனுமதி கிடைத்தது. சென்ற முறை செய்தபடியே இந்த முறையும் செய்யலாம் என்று நினைத்து இறங்குபவர்களின் வண்டி முதல் சோதனைச் சாவடியிலேயே நின்றுவிடும்.

ஆணையைப் படித்த பிறகு, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை என்று எழுத்தில் எல்லை போடுங்கள். பிறகுதான் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ சென்று, தன்னார்வலர் பெயர்ப் பட்டியலையும் வண்டி எண்களையும் கொடுத்து அனுமதிக் கடிதம் பெற வேண்டும். அதன் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுவது நல்லது. ஆர்டர் எடுத்துவிட்டு அனுமதிக்கு அலைந்தால், நம்மை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

எல்லைக்கு வெளியிலிருந்து அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைக் கொடுங்கள். இது இரக்கமற்றதாகத் தோன்றலாம். செல்லூரில் வேலை செய்யும் குழு வில்லாபுரத்துக்கு ஒரு பையைக் கொண்டுபோக ஆகும் நேரத்தில் செல்லூரில் ஐந்து வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

3. யாருக்கு என்ற விதியைப் பெயர்கள் வருமுன் எழுதுதல்

பெயர்கள் கைக்கு வந்த பிறகு விதி எழுதினால், தெரிந்த முகங்களுக்கு ஏற்றபடி விதி வளையும். ஆகவே முதலில் விதி.

நோயின் பெயரையோ வயதையோ மட்டும் அளவுகோலாக வைக்க வேண்டாம். 2020இல் பிரிட்டனில், மருத்துவக் காரணங்களுக்காக வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டவர்களின் பட்டியலை அரசு தயாரித்துப் பெரிய கடைகளுக்குக் கொடுத்தது. அதில் இருந்தவர்களுக்கு வீட்டு விநியோகத்தில் முன்னுரிமை கிடைத்தது. ஆனால் பார்வையற்றவர்களும், நடமாடுவதில் சிரமம் உள்ளவர்களும், ஊரடங்குக்கு முன்பே வீட்டு விநியோகத்தை நம்பி வாழ்ந்தவர்களும் பலர் அந்த மருத்துவப் பட்டியலுக்குள் வராததால் வெளியே நின்றார்கள். அவர்களுடைய உடலில் அந்தத் தொற்றை மோசமாக்கும் நோய் இல்லை. கடைக்குப் போகத்தான் வழியில்லை. நமக்குத் தேவையான அளவுகோல் இந்த இரண்டாவதுதான்.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கேள்விகள் மட்டும் போதும். கடைக்கு நீங்களே போய் வர முடியுமா? முடியாவிட்டால், வீட்டிலோ பக்கத்திலோ போய் வர ஆள் உண்டா? போனில் ஆர்டர் சொல்ல முடியுமா? வாங்கப் பணம் இருக்கிறதா?

நான்காவது கேள்வியைத் தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பணம் இருந்தும் போக ஆளில்லாதவர் ஒரு வகை. ஆளிருந்தும் பணமில்லாதவர் வேறொரு வகை. திருப்பாலையில் தனி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இலவசப் பை தேவையில்லை, ஒருவர் வந்து கொடுத்தால் போதும். கட்டட வேலை நின்றுபோன குடும்பத்துக்கு வண்டி தேவையில்லை, அரிசிதான் தேவை. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடும் குழுக்கள், முதல் வகையினரை ‘வசதியானவர்கள்’ என்று ஒதுக்கிவிடுவதையும், இரண்டாம் வகையினருக்காக வண்டி நேரம் முழுவதையும் செலவழித்துவிடுவதையும் தொடர்ந்து பார்க்கிறேன். இரண்டும் இல்லாதவர்களே முதல் வரிசை.

விதி எழுதி முடித்ததும் அதை ரேஷன் கடைச் சுவரிலும் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் ஒட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேரிடர் காலத்தில் அவர்களுக்குச் சம பாதுகாப்பு தர வேண்டும் என்று 8ஆம் பிரிவில் சொல்கிறது. அதைச் சுவரொட்டியின் கீழே ஒரு வரியாகச் சேர்த்தால், ‘அவர்களுக்கு மட்டும் ஏன் முதலில்’ என்ற வாக்குவாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

4. பட்டியல் எடுத்தல்

மொத்த வேலையில் அதிக நேரம் இதற்கே ஆக வேண்டும்.

வீடு வீடாகப் போவதற்குமுன், வீடுகளை ஏற்கெனவே அறிந்தவர்களிடம் கேளுங்கள். ரேஷன் கடை விற்பனையாளர், அங்கன்வாடிப் பணியாளர், வார்டு செவிலியர், பால்காரர், சிலிண்டர் போடுபவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கு, எந்தக் கதவுக்குப் பின்னால் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பணியாளர்களும் இப்போது இந்த வரிசையில் இருக்கிறார்கள். இவர்களிடம் ‘யாருக்கு உதவி வேண்டும்’ என்று கேட்காதீர்கள். அதற்கு ஏழைகளின் பெயர்கள்தான் பதிலாக வரும். ‘இந்த ஒரு மாதத்தில் நீங்கள் வெளியே பார்க்காதவர் யார்’ என்று கேளுங்கள்.

மதுரையின் வளவு வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே கதவு, ஒரே கதவு எண். உள்ளே நடையைத் தாண்டினால் இருபுறமும் ஒற்றை அறைக் குடித்தனங்கள், நடுவில் ஒரு குழாய், கடைசியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்குள் தனியாக ஓர் அம்மா இருப்பார். அவருடைய குடும்ப அட்டை மகன் வீட்டு முகவரியில் இருக்கும். வாசலில் நிற்பவரிடம் கேட்டால் ‘எங்க வளவுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்’ என்று சொல்லிவிடுவார். கதவு எண்ணுக்கு ஒரு வரி என்று எழுதாமல், அடுப்புக்கு ஒரு வரி என்று எழுத வேண்டும்.

குடும்ப அட்டையை அடிப்படையாக வைத்துப் பட்டியல் எடுப்பது எளிது. அதனாலேயே அதில் பலர் விடுபடுவார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள், தனி அறையில் வாடகைக்கு இருப்பவர்கள், திருநங்கையர், பொருளில்லா அட்டை வைத்திருக்கும் முதியோர், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தம்பதியர் ஆகியோரைத் தனியாகத் தேடிச் சேர்க்கவும். வீட்டுத் தனிமைப்படுத்தலில் இருப்பவர்களின் பட்டியல் நாள்தோறும் மாறும். சுகாதார ஆய்வாளர் மூலம் அவர்களிடம் நம்முடைய எண்ணைச் சேர்ப்பிக்கச் சொன்னால் போதும். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை நாம் கேட்டு வாங்கக் கூடாது.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வேறொரு தவறு நடக்கிறது. வண்டியை ஊர் மந்தையில் நிறுத்திவிட்டு, காலனியில் இருப்பவர்களை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கான ஏற்பாட்டில் ஒரு தெருவாரை மட்டும் நடக்கச் சொல்வது அந்த ஏற்பாட்டின் அடிப்படையையே முறிக்கிறது. வண்டி இரு தெருக்களுக்குள்ளும் போக வேண்டும். ஒரு முறை ஊர்த்தெருவில் தொடங்கினால் அடுத்த முறை காலனியில் தொடங்க வேண்டும். பட்டியல் எடுப்பவர்களிலும் இரு தெருக்காரர்களும் இருந்தால்தான் விடுபட்ட பெயர்கள் வெளியே வரும்.

நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், பெயர், அடையாளம் சொல்லி வழி, தொலைபேசி, நான்கு கேள்விகளின் பதில், அவசரத்துக்கு ஒருவர் பெயர் ஆகியவை மட்டும் இருக்கட்டும். ஆதார் எண், சாதி, வங்கி விவரம் எதுவும் வேண்டாம். தேவையில்லாததை வாங்கி வைத்தால் அதைக் காப்பாற்றும் வேலையும் நம்முடையதாகிவிடும்.

5. நாளொன்றுக்கு எத்தனை வீடு என்று கணக்கிட்டு இடம் ஒதுக்குதல்

படியேறி, காத்திருந்து, பையைக் கொடுத்து, பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் கொண்ட ஒரு சோடி மூன்று மணி நேரத்தில் 18 வீடுகளுக்குக் கொடுக்கலாம். இரண்டு சோடிகளுக்கு 36 வீடுகள். வாரத்தில் மூன்று நாள் கொடுத்தால் நூறு வீடுகளுக்கும் வாரம் ஒருமுறை போய்ச் சேரும்.

இந்த 36 இடங்களில் 20 இடங்கள் போக ஆளும் பணமும் இல்லாதவர்களுக்கும், போக ஆளில்லாமல் போனிலும் கேட்கத் தெரியாதவர்களுக்கும் உரியவை. 8 இடங்கள் பணமும் போனும் இருந்து ஆள் மட்டும் இல்லாதவர்களுக்கு. 4 இடங்கள் புதிதாகத் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு. மீதி 4 இடங்களைப் பொது அழைப்புக்கு விடலாம். முந்தைய நாள் மாலை 5 மணி வரை நிரம்பாத இடங்களை அடுத்த வகைக்குத் திறந்துவிடலாம். அதற்குமுன் திறக்கக் கூடாது. நேரம் குறிக்காமல் ‘இடம் இருந்தால் பார்க்கலாம்’ என்று சொல்லி வைத்தால், கவுன்சிலர் வீட்டு அழைப்பு வந்ததும் அந்த இடம் போய்விடும்.

ஆளிருந்தும் பணம் மட்டும் இல்லாத குடும்பங்களை இந்த 36இல் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கான பையைக் கடையிலேயே எண்ணிட்டு வைத்துவிட்டால், ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்.

6. பொருள் பட்டியலும் ரேஷன் பொருளும்

எல்லாப் பொருளும் கிடைக்கும் என்று சொல்லாமல், முப்பது நாற்பது பொருட்களை அன்றைய விலையோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் நீண்டால் கடையில் நிற்கும் நேரம் நீளும். இல்லாத பொருளுக்காக மறுபடியும் போன் செய்ய வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் ஒரே தொகுப்பு என்பது கொடுப்பவருக்குத்தான் வசதி. 2021 ஜூனில் அரசு ரேஷன் கடைகளில் 14 வகை மளிகைத் தொகுப்பு கொடுத்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு அப்படித்தான் கொடுக்க முடியும். நூறு வீட்டுக் குழு கேட்டுக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரர் உளுந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருக்கு அரைத்த மாவுதான் வேண்டும். பத்துக் கிலோ அரிசிச் சிப்பத்தை வாசலில் வைத்தால் அதை உள்ளே இழுக்க அவரால் முடியாது. இரண்டிரண்டு கிலோவாகக் கட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சீனிக்குப் பதில் கோதுமை ரவையோ பயறோ கேட்டுப் போடலாம். பெரியவர்களுக்கான டயப்பர், நாப்கின் ஆகியவற்றை ஒரு பெண் தன்னார்வலர் தனியாகக் கேட்டால்தான் பதில் வரும்.

வெற்றிலை பாக்கை ‘அத்தியாவசியம் அல்ல’ என்று அடித்துவிடும் குழுக்கள் உண்டு. ஐம்பது வருடமாகப் போட்டுவரும் ஒருவருக்குப் பத்து ரூபாய் வெற்றிலையை நிறுத்த நாம் யார் என்பதே என் எண்ணம். அவருடைய பணம், அவருடைய பட்டியல்.

ரேஷன் பொருள் தனி வேலை. 2020, 2021இல் நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீடு தேடி வந்தது. அந்த நாளை நோட்டில் குறித்துக்கொண்டு, அட்டைதாரர் சார்பில் போய் வாங்கலாமா என்று விற்பனையாளரிடம் முன்பே கேட்க வேண்டும். கடைக்கு வர இயலாதவர்கள் தங்கள் சார்பில் ஒருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தை ஊரடங்குக்கு முன்பே கொடுத்து வைப்பது நல்லது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. பட்டியலில் உள்ளவர்களில் யார் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று கேட்டறிந்து, விடுபட்டவர்களுக்காக விற்பனையாளரிடம் சொல்லுங்கள். புகாருக்கு 1967. ஒன்று மட்டும் உறுதியாக இருக்கட்டும்: யாருடைய குடும்ப அட்டையையும் நம்மிடம் இரவு தங்க விடக் கூடாது.

7. ஆர்டர் எடுத்தல்: நாம்தான் அழைக்க வேண்டும்

குறித்த நாளுக்கு முந்தைய நாள் காலை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் நாமே அழைக்க வேண்டும். அவர்கள் அழைக்கட்டும் என்று காத்திருந்தால், ரீசார்ஜ் முடிந்தவர், காது மந்தமானவர், ‘பிள்ளைகளுக்கு ஏன் சிரமம்’ என்று நினைப்பவர் ஆகிய மூவகையினரும் சத்தமில்லாமல் விடுபடுவார்கள். கேட்காதவருக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதே இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய அநீதி.

பேசும் முறைக்கு ஒரு மாதிரி:

‘அம்மா, வணக்கம். ரேஷன் கடைக்கு எதிர்த்த சந்துல இருந்து பேசுறோம், போன வாரம் வீட்டுக்கு வந்து பேர் எழுதிட்டுப் போனோம்ல, அவங்கதான். நாளைக்குக் காலையில சாமான் கொண்டு வர்றோம். நான் ஒவ்வொண்ணா சொல்றேன், வேணும்னா வேணும்னு சொல்லுங்க.’

‘என்ன வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால், ‘அரிசி மட்டும் போதுமய்யா’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், சோப்பு என்று பெயர் சொல்லிப் போனால்தான் புளி தீர்ந்து நான்கு நாளானது தெரியவரும். கடைசியில் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேட்கவும். சிலிண்டர் இருக்கிறதா? மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? மருந்து தீரும் நிலையில் இருந்தால் அதை மளிகைச் சிட்டையில் எழுதாமல் அன்றே மருந்துக்கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

எழுதியதை அளவோடும் விலையோடும் ஒருமுறை திரும்பப் படித்துக்காட்டி, மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். ஒரு பொருள் இல்லாவிட்டால் மாற்று வேண்டுமா, விட்டுவிடலாமா என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; வாசலில் அந்தப் பேச்சைத் தொடங்கினால் பத்து நிமிடக் கணக்கு சிதறிவிடும்.

மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் முதியோர் பலர். குழுவில் ஒருவருக்காவது அந்த மொழி தெரிந்திருந்தால் அழைப்பு பாதி நேரத்தில் முடியும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி பேசுபவர் வேண்டும். காது கேளாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பொருட்களின் படங்களை எண்ணிட்டு அனுப்பி, எண்களைப் பதிலாக அனுப்பச் சொல்லலாம். போனே இல்லாத வீட்டுக்கு ஒருவர் நேரில்தான் போக வேண்டும். ‘பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறோம்’ என்பதை அழைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

எந்த அழைப்பிலும் ஓடிபி, கார்டு எண் கேட்கப்பட மாட்டாது என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நம்முடைய பெயரைச் சொல்லி வேறொருவர் கேட்டால் அப்போதுதான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

8. கட்டுவதும் வழியும்

பையின் மேல் வீட்டு எண் மட்டும் போதும். பெயரோ ‘இலவசம்’ என்ற சொல்லோ வேண்டாம். ஒருவர் எடுத்துப் போட, மற்றொருவர் சிட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எண்ணெய் அடியில், முட்டையும் தக்காளியும் மேலே. பில்லின் கார்பன் பிரதி நம்மிடம், மூலப் பிரதி பைக்குள்.

வண்டியில் கடைசி வீட்டுப் பை முதலில் ஏற வேண்டும். மினி வேன் தெருமுனை வரைதான் போகும். சந்துக்குள் டிவிஎஸ் எக்ஸ்எல்தான் கைகொடுக்கும். மாடி வீடுகளை வழியின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு யாரும் மூன்றாம் மாடிக்குப் பையைத் தூக்க விரும்புவதில்லை. தகரம் அடைத்த தெருவுக்குள் தன்னார்வலர் போகக் கூடாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள மாநகராட்சி நியமித்த பணியாளரிடம், எண்ணிட்ட பைகளோடு எண் வாரியான தாளையும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

9. வாசலில் ஒப்படைத்தல்

கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுகிறது. பையைத் தொடுவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆகவே அரிசிப் பையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி முதியவர்களை அலைக்கழிக்காமல், நாம் நல்ல முகக்கவசம் அணிந்து, வீட்டுக்குள் நுழையாமல், திறந்த வெளியில் தள்ளி நின்று பேசுவதில் கவனம் செலுத்த வேண்டும். காய்ச்சலோ இருமலோ உள்ள தன்னார்வலர் அன்று வரக் கூடாது. அதனால்தான் எப்போதும் ஒரு மாற்று ஆள் வேண்டும்.

மணி அடித்துவிட்டுப் பையை வைத்துவிட்டுப் போவது சரியல்ல. வாக்கரை ஊன்றி வாசலுக்கு வர ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். அதற்குள் தெரு மாடு முட்டைக்கோஸை இழுத்திருக்கும். திருப்பரங்குன்றத்திலும் அழகர்கோவில் பக்கத்திலும் என்றால் குரங்கு பையையே எடுத்துப்போயிருக்கும். கதவு திறந்து, பை உள்ளே போவதைத் தள்ளி நின்று பார்த்த பிறகே நகர வேண்டும். பார்வையற்றவருக்குப் பையில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவரிடம் முகக்கவசத்தைக் கழற்றாமல், மார்க்கரில் எழுதிக் காட்டுங்கள். தனிமைப்படுத்தப்பட்ட மாடி வீட்டிலிருந்து கயிறு கட்டிய வாளியை இறக்கச் சொன்னால் இருவருக்குமே எளிது.

புகைப்படம் எடுக்காதீர்கள். பையை இருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் தெருக் குழுவில் வந்த மறுநாள், ‘எனக்கு வேண்டாம், மகன் பணம் அனுப்பிவிட்டான்’ என்று சொல்லி ஒதுங்கியவர்கள் உண்டு. நன்கொடையாளர் ஆதாரம் கேட்டால் பில் புத்தகத்தின் பிரதியைக் காட்டுங்கள்.

10. பணம்

ஜிபே செய்ய முடிந்தவர்கள் செய்யட்டும். மற்றவர்களிடம் பணமாகவே வாங்குங்கள். டிஜிட்டல் மட்டும் என்று வைத்தால் யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அவர்களே வெளியே போவார்கள். முந்தைய நாளே மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டதால் உறையில் எடுத்து வைக்கச் சொல்லலாம். சில்லறையை நாம் கொண்டுபோக வேண்டும். ‘ஏடிஎம்மில் எடுத்துக் கொடுப்பா’ என்று கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் நீட்டுவார்கள். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் வாங்கக் கூடாது; தபால்காரர் வழியே வீட்டிலேயே பணம் எடுக்கும் அஞ்சலக வங்கிச் சேவையைக் கேட்டுத் தரலாம்.

பணம் இல்லாதவர்களின் பையும் அதே துணிப்பை, அதே பில். பில்லில் தொகைக்கு எதிரே ‘வரவு’ என்று குறித்து, கடைக்குக் குழுவின் நிதியிலிருந்து கொடுத்துவிட்டால், வாசலில் நிற்பவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. அன்றைய பணத்தை அன்றே இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.

11. வாரம் ஒருமுறை நோட்டைப் பார்த்தல்

கொடுத்த பைகளின் எண்ணிக்கையைவிடக் கொடுக்காத வீடுகளைப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொன்ன வீட்டுக்கு ஒருவர் நேரில் போக வேண்டும். சிலருக்கு உண்மையிலேயே மகள் வந்திருப்பாள். சிலர் பணம் தீர்ந்ததைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். சிலர் எழுந்திருக்க முடியாமல் இருப்பார்கள். எந்தத் தெருவிலிருந்து, வளவிலிருந்து, காலனியிலிருந்து எத்தனை பெயர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவில் ஒருவர்கூட இல்லை என்றால் அங்கே முதியவர்கள் இல்லை என்று பொருளல்ல; அங்கே நம்முடைய ஆள் போகவில்லை.

புகாருக்கு, வண்டியில் வருபவருடையது அல்லாத வேறோர் எண் இருக்க வேண்டும். பை கொண்டுவருபவரைப் பற்றி அவரிடமே யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

12. நிறுத்தும் முறை

ஊரடங்கு தளர்ந்த அன்றே வண்டியை நிறுத்தக் கூடாது. கடை திறந்தாலும் நடக்க முடியாதவர் நடக்க முடியாதவராகவே இருப்பார். இரண்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தேதியைச் சொல்லி, பக்கத்துப் பலசரக்குக் கடையில் பேசி, அந்தக் கடைப் பையனே வாரம் ஒருநாள் கொண்டுவந்து கொடுக்கும்படி அறிமுகம் செய்துவைக்க வேண்டும். முதல் முறை கடைப் பையனோடு நம்முடைய ஆளும் வாசல் வரை போனால் கதவு தயங்காமல் திறக்கும். ஆதரவற்ற முதியோரின் வீட்டுச் சுவரில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.

நோட்டில் உள்ள முகவரிகளும் எண்களும் மளிகைக்காகக் கொடுக்கப்பட்டவை. அடுத்த தேர்தலுக்கோ காப்பீட்டு முகவருக்கோ அவை போகக் கூடாது. கடைக்கும் நன்கொடையாளருக்கும் கணக்கு முடித்து பில் புத்தகத்தைப் பத்திரப்படுத்திய பிறகு, பெயர்ப் பக்கங்களைக் கிழித்து, குழுவினர் எல்லோரும் பார்க்கும்படி எரித்துவிடவும். கைப்பேசியில் சேமித்த எண்களையும் அதே நாளில் அழித்துவிடவும். எல்லை வரைந்த தாளையும், நான்கு கேள்விகளையும், விலைப் பட்டியல் படிவத்தையும் மட்டும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அவைதான் தேவைப்படும். பெயர்களைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.